வௌவால் போட்ட கொட்டை

பழைய தோட்டத்து ஆட்கள் நாலு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படியும் ஒரு மரத்தடியில் போய் நிற்கும். "நீங்க எந்த லயம்?" என்று ஒருவர் கேட்பார். "கெத்தாப்பாங் மரத்துக்கு எதிர்த்தாப்ல, மூணாவது லயம்" என்று மற்றவர் சொல்வார். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம்.

கூலாய்க்கு அருகில் இருந்த எங்கள் தோட்டம் இன்று இல்லை. கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள். செம்பனையை வெட்டி வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். லயம் போனது, ஆயாக்கொட்டகை போனது, கோயில் வேறிடம் போனது. கெத்தாப்பாங் மட்டும் புதுச் சாலையின் ஓரத்தில் சில வருஷம் நின்றது. பிறகு இலை விழுந்து சாக்கடை அடைக்கிறது என்று அதையும் அறுத்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் ஆட்களுக்கு வழி சொல்லத் தெரியவில்லை. "அந்த மரம் இருந்துச்சே, அதுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார்கள்.

அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "கெத்தாப்பாங் கடலோரத்து மரமாச்சே. இவ்வளவு உள்ள வந்து யாருப்பா நட்டது?" பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "யாரும் நடல. வௌவால் போட்டதுடா."

அந்தப் பதில் சரிதானா என்று பார்க்கப் போய்த்தான் இவ்வளவும் படிக்க நேர்ந்தது. ஜொகூரில் ஒவ்வொரு கடற்கரையிலும், பள்ளிக்கூட வாசலிலும், பேருந்து நிறுத்தத்திலும் நிற்கிற ஒரு மரத்துக்குச் சொந்தப் பெயர் கிடைக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

*

முதலில் பெயரிலிருந்தே வருவோம். சேலம் பக்கம் பிறந்து ரஜூலா கப்பலில் வந்திறங்கிய எங்கள் பாட்டி, கடைசிவரை அதை 'வாதாங்கொட்டை மரம்' என்றுதான் சொன்னார். லயத்தில் பிறந்த நாங்கள் மலாய்க்காரர்களைப் போலக் 'கெத்தாப்பாங்' என்போம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'நாட்டு வாதுமை' என்று இருக்கிறது. ஆங்கிலேயர்கள் 'இந்திய வாதுமை' என்றும் 'கடல் வாதுமை' என்றும் சொன்னார்கள். கெத்தாப்பாங் ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் பெயரிலும் வாதுமை இருக்கிறது. மரத்துக்கும் வாதுமைக்கும் உறவு மட்டும் இல்லை.

உண்மையான வாதுமை ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பீச் பழத்துக்கும் ஆப்ரிகாட்டுக்கும் நெருங்கிய சொந்தம். மேற்காசியா, மத்திய ஆசியாவின் வறண்ட மலைச்சரிவுகள் அதன் பிறந்த இடம். அது பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் சில நூறு மணி நேரமாவது 7 பாகை செல்சியசுக்குக் கீழே கிடக்க வேண்டும். வருஷம் பூராவும் வேர்த்துக்கொண்டிருக்கும் ஜொகூரில் அதைக் கொண்டுவந்து நட்டால் இலை விடலாம், காய்க்காது. இன்று உலகத்தின் வாதுமையில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு கலிஃபோர்னியாவில் விளைகிறது. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம் கடைகளில் மூட்டை மூட்டையாக வந்திறங்குவது அதுதான். 'அல்மண்ட் லண்டன்' என்று நம் நாட்டு வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் சாக்லெட் பூசிய பலகாரத்துக்குள் முழுசாக ஒளிந்திருப்பதும் அதுதான்.

பாரசீகத்தில் அதன் பெயர் பாதாம். அதற்கும் முந்தைய மத்திய பாரசீகத்தில் வாதாம். வடமொழி மருத்துவ நூல்களில் 'வாதாம' என்று வருகிறது. தமிழில் வாதுமை, வாதாம், பாதாம் மூன்றுமே புழங்குகின்றன. கப்பலிலும் ஒட்டகத்திலும் வந்த விலையுயர்ந்த பண்டம் என்பதால் அதன் பெயருக்கும் ஒரு மவுசு இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்துபோன பிரெஞ்சு வைர வியாபாரி தவேர்னியே ஒரு விஷயம் எழுதிவைத்திருக்கிறார். குஜராத்தில் பாரசீகத்துக் கசப்பு வாதுமையைச் சில்லறைக் காசாகப் புழங்கினார்களாம். கசப்பாக இருந்ததால் பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடும் என்ற பயம் இல்லை. காசாகவே செல்லுபடியான கொட்டை அது.

அந்தப் பெயரை எடுத்துத்தான் நம் கடற்கரை மரத்துக்கு ஒட்டினார்கள். பருப்பு கொஞ்சம் அதைப்போல இருக்கிறது, ருசியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்பதுதான் காரணம். 'நாட்டு' என்ற முன்னொட்டைக் கவனியுங்கள். நாட்டுக்கோழி என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. நாட்டு வாதுமையில் அந்த மரியாதை இல்லை. அசல் கிடைக்காதவனுக்கு இது போதும் என்கிற தொனிதான் அதில் கேட்கிறது. மலாய் மொழி இந்தக் குழப்பத்துக்குள் போகவே இல்லை. கடையில் வாங்குவது பாதாம், கரையில் நிற்பது கெத்தாப்பாங். இரண்டுக்கும் இரண்டு பெயர்.

*

இந்த மரம் ஐரோப்பியர் புத்தகத்துக்குள் போனது கேரளக் கரை வழியாக. டச்சுக்காரர்களின் மலபார் ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் உட்பட உள்ளூர் ஆட்களின் துணையோடு, 'ஹோர்துஸ் மலபாரிகுஸ்' என்ற பன்னிரண்டு தொகுதி நூலைத் தயாரித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான நூல் அது. 1683இல் வந்த நாலாம் தொகுதியில் நம் மரம் படத்தோடு இருக்கிறது. லத்தீன் எழுத்தில் பதிவாகியிருக்கும் பெயர் 'அடமரம்'. அதில் மரம் இருக்கிறது, வாதுமை இல்லை. முந்நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கரையில் இதற்கு யாரிடமும் கடன் வாங்காத ஒரு பெயர் இருந்திருக்கிறது.

அதே காலத்தில் இந்தோனேசியாவின் அம்போன் தீவில் ரும்ஃபியஸ் என்ற ஜெர்மானியர் டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தாவரங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1670இல் கண்பார்வை போனது. 1674இல் பூகம்பத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். அப்படியும் விடாமல், பிறர் கையால் எழுதவைத்து நூலை முடித்தார். அவர் இறந்து நாற்பது வருஷம் போல ஆன பிறகு, 1741இல்தான் அது அச்சாகத் தொடங்கியது. அதில் இந்த மரத்தை மலாய்ப் பெயரான 'கதப்பா'விலேயே குறித்திருந்தார்.

ஆக, ஐரோப்பிய அறிஞர்கள் முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன, ஒன்று மலபாருடையது, இன்னொன்று மலாய்க்காரர்களுடையது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடான்சன் 1763இல் முதலாவதை எடுத்து, 'அடமரம்' என்றே ஒரு பேரினத்துக்குப் பெயர் வைத்தார். மரம் என்ற நம் சொல் ஒரு லத்தீன் பேரினப் பெயருக்குள் ஏறி உட்கார்ந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. 1767இல் லின்னேயஸ் வைத்த 'டெர்மினாலியா கதப்பா' என்ற பெயர்தான் நின்றது. கிளையின் நுனியில் இலைகள் கொத்தாகச் சேர்ந்திருப்பதால் டெர்மினாலியா. கெத்தாப்பாங் என்பதால் கதப்பா. இன்று உலகத்தின் எந்த மூலையில் ஒரு மாணவன் இந்த மரத்தை அறிவியல் பெயரில் எழுதினாலும் அவன் எழுதுவது ஒரு மலாய்ச் சொல். மலபாரின் அடமரமோ நிராகரிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலில் இருக்கிறது.

*

டெர்மினாலியா என்ற பேரினத்தின் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீர்மருது, கடுக்காய், தான்றி மூன்றும் அதில்தான் இருக்கின்றன. ஆற்றங்கரையில் நிற்கும் மருதுக்கும் மலாக்கா நீரிணைக் கரையில் நிற்கும் கெத்தாப்பாங்குக்கும் ஒரே குடும்பப் பெயர். திருவிடைமருதூரும் மருதமலையும் பெயர் வாங்கியது மருதிலிருந்து. மருதத்தின் பங்காளி ஒருவன் நெய்தல் நிலத்தில் குடியேறினால் எப்படி இருப்பானோ, அதுதான் கெத்தாப்பாங். நம் முன்னோர்கள் கூப்பிட்டிருக்க வேண்டிய பெயர் கடல்மருது. பாரசீகத்துக்குப் போய்க் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

கடுக்காய் சம்பந்தப்பட்ட இன்னொரு செய்தியும் உண்டு. சோழமண்டலக் கரையில் கலம்காரித் துணிக்கு வண்ணம் ஏற்றும் முன் அதைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்து நனைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு இல்லாவிட்டால் நிறம் துணியைப் பிடிக்காது. அந்தக் கரையின் துணிகள்தான் நூற்றாண்டுக் கணக்காக மலாக்காவுக்கு வந்திறங்கி மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றாகப் போயின. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். ஓடிப்போன அரச வம்சம் 1528 வாக்கில் ஜொகூர் ஆற்றங்கரையில் புது அரசை அமைத்தது. நம் ஆட்கள் தோட்டத்துக்கு வருவதற்கு முந்நூறு, நானூறு வருஷம் முன்பே, கெத்தாப்பாங்கின் ஒன்றுவிட்ட அண்ணனின் துவர்ப்பு துணியோடு துணியாக இந்த நீரிணைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயர் எடுத்தாலும் கெத்தாப்பாங் சளைத்ததில்லை. மேற்குக் கலிமந்தானில் கெத்தாப்பாங் என்று ஒரு மாவட்டமே இருக்கிறது. ஜாவாவிலிருந்து பாலிக்குப் படகேறும் துறைமுகத்தின் பெயரும் கெத்தாப்பாங்தான். திரெங்கானுவில் தெலுக் கெத்தாப்பாங் என்ற கடற்கரை உண்டு. பிலிப்பைன்சில் இந்த மரம் தலிசாய். செபு தீவில் அதே பெயரில் ஒரு நகரம். பசிபிக் தீவுகள் வரை தலிசே என்ற சாயலில் பெயர்கள் போகின்றன. படகேறிப் போன ஆஸ்திரோனேசிய மக்கள் மரத்தையும் பெயரையும் சேர்த்தே தெரிந்துவைத்திருந்தார்கள்.

*

ஜொகூருக்கு வருவோம். இந்த மாநிலத்தின் நவீன வரலாற்றை எந்தப் பயிர் எந்த வருஷம் எவ்வளவு விற்றது என்ற கணக்கிலேயே எழுதிவிடலாம். 1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் தஞ்சோங் புத்ரியில் ஊர் அமைத்தார். 1866இல் மகன் அபு பாக்கார் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றினார். ஊருக்கு வருமானம் தந்தது காம்பிரும் மிளகும். ஆற்றுக்கு ஆறு சீனக் குடியேறிகளுக்கு உரிமை எழுதிக்கொடுத்த காங்சூ முறையில் காடுகள் திறக்கப்பட்டன. காம்பிர் இலையைப் பெரிய இரும்புக் கொப்பரையில் கொதிக்கவைத்து இறுக்கினால் கிடைப்பது துவர்ப்புக் கட்டி. வெற்றிலையோடு மெல்லுவார்கள். பெரும்பகுதி தோல் பதனிடவும் சாயமேற்றவும் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. கொப்பரை எரிய விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும். பதினைந்து இருபது வருஷத்தில் மண் செத்துப்போகும். லாலாங் புல்லை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். இன்றும் ஜொகூர் அரசுச் சின்னத்தில் காம்பிரும் மிளகும் இருக்கின்றன.

1909இல் ஜொகூருக்குள் ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாலேயே கித்தா வந்தது, கித்தாவோடு நாம் வந்தோம். 1917இல் காங்சூ முறை சட்டப்படி ஒழிந்தது. கங்காணிகள் சேலத்திலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஆள் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அரை நூற்றாண்டு போனதும் செம்பனை. 1960களில் கூலாய்ப் பக்கமே ஃபெல்டா செம்பனைத் திட்டம் தொடங்கியது. காம்பிர், மிளகு, கித்தா, செம்பனை எல்லாவற்றுக்கும் ஆவணம் இருக்கிறது. எத்தனை ஏக்கர், எத்தனை பிக்குல், லண்டனில் என்ன விலை என்று ஏடு ஏடாக இருக்கிறது.

கெத்தாப்பாங் அந்த ஏடுகளில் வரி பெறவில்லை. இத்தனைக்கும் காம்பிருக்கு விலை தந்த அதே துவர்ப்பு இதன் பட்டையிலும் இலையிலும் காயிலும் இருக்கிறது. கருப்புச் சாயமும் மையும் அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சண்டை மீன் வளர்ப்பவர்கள் இன்றும் காய்ந்த கெத்தாப்பாங் இலையைத் தொட்டியில் போடுகிறார்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன் நோயில்லாமல் இருக்கும் என்பார்கள். ஆனால் ஏக்கர் கணக்கில் நட்டு ஏற்றுமதி செய்யும் அளவுக்கு யாருக்கும் அது தேவைப்படவில்லை. அதனாலேயே யாரும் அதைப் பற்றி எழுதவும் இல்லை.

எழுதிய ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 1929இல் வேலைக்குச் சேர்ந்த கார்னர் என்ற ஆங்கிலேயர், தென் ஜொகூரின் காடுகளிலும் சதுப்புகளிலும் வருஷக்கணக்காக அலைந்தார். உயரமான மரங்களின் பூவையும் காயையும் பறித்துப் போட பேரூக் குரங்குகளைப் பழக்கிவைத்திருந்தார். 1940இல் வந்த அவருடைய 'மலாயாவின் சாலையோர மரங்கள்' நூல், தோட்டக்காரனுக்கும் துரைக்கும் கண்ணில் பட்டும் படாமல் நின்ற மரங்களைப் பற்றியது. கெத்தாப்பாங் அதில் இருக்கிறது. தண்டு நேராக மேலே போகும், கிளைகள் அடுக்கடுக்காகக் கிடைமட்டத்தில் விரியும், கோபுரத்துக்குத் தட்டு வைத்தது மாதிரி. வருஷத்துக்கு இருமுறை இலையெல்லாம் சிவந்து உதிரும். பருவமே மாறாத நாட்டில் இலையுதிர்காலம் காட்டுகிற மரம் அது. தோட்டத்தில் எங்களுக்கு அது காலண்டர். "கெத்தாப்பாங் செவந்துருச்சு, ஸ்கூல் தொறந்துருவானுங்க" என்று அக்கா சொல்லும்போதே வயிறு கலங்கும்.

*

இப்போது வௌவாலுக்கு வரலாம்.

கெத்தாப்பாங் காய் மிதப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். தோலுக்கும் ஓட்டுக்கும் நடுவில் தக்கை போன்ற நார். கடலில் வாரக்கணக்கில் மிதந்து, ஒதுங்கிய கரையில் முளைக்கும். 1883இல் கிரக்கத்தாவ் எரிமலை வெடித்து அந்தத் தீவுகளில் ஒரு புல்கூட மிஞ்சாமல் போனது. அதற்குப் பிறகு கடல் கொண்டுவந்து சேர்த்த விதைகளால் கரையோரக் காடு மறுபடி எழுந்தபோது அதன் முக்கிய மரங்களில் கெத்தாப்பாங்கும் ஒன்று. மெர்சிங் கடற்கரையில் கெத்தாப்பாங் நிற்பதற்கு யாரும் காரணம் தேட வேண்டாம். கூலாய்க்குக் கடல் எப்படி வரும்?

பழந்தின்னி வௌவால்கள் பழுத்த கெத்தாப்பாங்கை வாயில் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய்த் தொங்கிச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். இந்தியாவிலும் இங்கேயும் தாவரவியலாளர்கள் கவனித்து எழுதிய விஷயம் இது. வாதுமையே காய்க்காத வீட்டு வாசலில் காலையில் வாதாங்கொட்டை கிடப்பதன் ரகசியமும் இதுதான். ஜொகூரின் நடுவில் இருக்கும் குளுவாங்குக்குப் பெயர் வந்ததே 'கெலுவாங்' என்ற பெரிய பழந்தின்னி வௌவாலிலிருந்து. சாயங்காலத்தில் வானம் கருக்கும் அளவுக்குக் கூட்டமாகப் பறந்த பிராணி. வேட்டையாலும் காடு போனதாலும் இன்று அந்தக் கூட்டங்களைப் பார்ப்பது அபூர்வம். ஊர்ப் பெயரில் மட்டும் வௌவால் தங்கிவிட்டது.

அப்பா சொன்னது அப்படியானால் சரியா? பாதி சரி. இவ்வளவு பெரிய காயைத் தூக்கிக்கொண்டு வௌவால் ரொம்ப தூரம் போகாது, சில நூறு மீட்டர்தான். நீரிணைக் கரையிலிருந்து கூலாய் வரை ஒரே மூச்சில் அது வந்திருக்க முடியாது. இடையில் எங்கோ ஒரு சாலையோரத்தில், ஒரு மலாய்க் கம்பத்து வாசலில், ஒரு ரயில் ஸ்டேஷனில், யாரோ நிழலுக்கென்று ஒரு கெத்தாப்பாங்கை நட்டிருக்க வேண்டும். அங்கிருந்து வௌவால் எடுத்து வந்திருக்கும். மனிதன் பாதி, வௌவால் பாதி என்று கைமாறிக் கைமாறி அந்தக் கொட்டை ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் வந்து விழுந்திருக்கிறது. விழுந்ததைப் பிடுங்கிப் போடாமல் விட்ட யாரோ ஒரு ஆயாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

*

அந்த மரத்தடியில் நாங்கள் செய்த வேலை ஒன்றுதான். காய்ந்த கொட்டையைக் குத்துக்கல்லில் வைத்து, ஓரத்து விளிம்பு மேலே வரும்படி நிறுத்தி, இன்னொரு கல்லால் ஒரே போடு. கை நசுங்காமல் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆகும். உள்ளே இருப்பது சுண்டுவிரல் நுனி அளவு பருப்பு, சுருட்டிவைத்த இலை மாதிரி. ஏறத்தாழ பாதி எண்ணெய். பாலைப்போல ஒரு ருசி. பத்து கொட்டை உடைத்தால் ஒரு வாய்க்குத் தேறும். "இத ஒடைக்கிற நேரத்துல ரெண்டு மரம் பால் வெட்டிரலாம்" என்று அம்மா சிரிப்பார். வாதுமை விற்கும் உலகத்தில் கெத்தாப்பாங் ஏன் தோற்றது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பொருளாதார விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஓடு கெட்டி, பருப்பு சின்னது, கூலி கட்டாது.

ஆனால் இது மரத்தின் தலையெழுத்து என்று விட்டுவிட முடியாது. பசிபிக்கில் வனுவாத்து என்ற தீவு நாடு இருக்கிறது. அங்கே இதே மரத்தை நதவோவா என்கிறார்கள். பல தலைமுறையாகப் பெரிய பருப்பும் மெல்லிய ஓடும் உள்ள மரங்களாகப் பார்த்துப் பார்த்து நட்டு வளர்த்திருக்கிறார்கள். தலைநகர் போர்ட் விலாவின் சந்தையில் அந்தப் பருப்பு விற்பனைக்கு வருகிறது. கொட்டை ஒன்றுதான், பார்த்த பார்வை வேறு. ஜகார்த்தாவின் பெத்தாவி மக்களிடம் இன்னொரு வினோதம் உண்டு. 'பிஜி கெத்தாப்பாங்' என்று ஒரு பலகாரம் செய்கிறார்கள். கெத்தாப்பாங் விதை என்று அர்த்தம். மாவும் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்துப் பொரிப்பது. கெத்தாப்பாங் பருப்பு அதில் கிடையாது, வடிவம் மட்டும்தான் அது. இங்கேயாவது இன்னொன்று கெத்தாப்பாங்கின் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

*

'இந்திய வாதுமை' என்ற ஆங்கிலப் பெயருக்கு மறுபடி வருகிறேன், அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தியப் பெருநிலத்தில் இந்த மரம் தானாக முளைத்ததா, மனிதர் கொண்டுவந்ததா என்பதில் தாவரவியலாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மலாய்க் கரையில் இது சுதேசி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இங்கேயே முளைத்த மரத்துக்கு இந்தியன் என்று பெயர்.

எங்கள் பாட்டியின் கதை தலைகீழ். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஜொகூரில் இருந்தவர். கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைதான். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி எடுக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பாட்டியின் கூட்டாளிகள் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள். சேலத்திலிருந்து வந்த கடிதங்களில் அவர்கள் மரத்தைத்தான் விசாரித்தார்கள் என்று அப்பா சொல்வார். வாதாங்கொட்டை மரம் இருக்கா, காய்க்குதா, பிள்ளைங்க இன்னும் கொட்டை ஒடைக்குதா. இரண்டு ஊரிலும் 'அந்த ஊர்க்காரர்' என்று அழைக்கப்பட்டவர்களுக்கு அடையாளம் சொல்ல ஒரு மரமாவது இருந்தது.

இன்று ஜொகூரின் புதுச் சாலைகளிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் வரிசை வரிசையாக ஒரு அழகான மரம் நிற்கிறது. அதே தட்டுத்தட்டான கிளை, ஆனால் இலை விரல்நுனி அளவு. விழுந்தாலும் சாக்கடை அடைக்காது. நர்சரியில் கேட்டால் 'கெத்தாப்பாங் கென்சானா' என்பார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த டெர்மினாலியா, கெத்தாப்பாங்கின் தூரத்துச் சொந்தம். கடிக்கிற மாதிரி கொட்டை அதில் கிடையாது. எங்கள் மரம் நின்ற சாலையிலும் இப்போது அதுதான்.

போன வருஷக் கடைசியில் மெர்சிங் போயிருந்தபோது கரையில் ஒதுங்கிக் கிடந்த காய்களில் ஐந்தாறு பொறுக்கி வந்து பையில் மண் போட்டு ஊன்றிவைத்தேன். மூன்று முளைத்தன. மாமன் மகன் வந்து பார்த்துவிட்டு, "இது என்னா மரம்?" என்றான். தோட்டம் போன பிறகு பிறந்தவன். கெத்தாப்பாங் என்றேன். "ரோட்டோரமா நிக்குதே, அதுவா?" என்றான். இல்லையென்று சொல்லி, மீதியிருந்த காய்ந்த கொட்டை ஒன்றைக் கல்லில் நிறுத்தி ஒரு போடு போட்டேன். பழக்கம் விட்டுப்போயிருந்தது. கட்டைவிரல் நசுங்கியது. பருப்பு மட்டும் உடையாமல் முழுசாக வந்தது. அவன் அதை வாயில் போட்டு மென்றுகொண்டே, "பாதாம் மாதிரி இருக்கு" என்றான்.

"அது இது மாதிரி இருக்குன்னு சொல்லுடா" என்றேன்.